தகுந்த காரணத்தோடு ஒரு கத்தி

பஞ்சு என்பது பட்டப்பெயர். சோபா, நாற்காலிகளின் பழைய உறையைப் பிரித்துப் புது உறை போடுவது அவர் தொழில். தினமும் தலையில் பஞ்சுத் துகளோடு வீடு திரும்பியதில் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரயில் நிலைய வாசலில் போலீஸ்காரர் ஒருவர் அவரை நிறுத்திச் சோதித்தார். சட்டைப் பையில், மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில், ஒரு விரல் நீளத்துக்குக் கத்தி இருந்தது. சட்டம் கத்தியைத் தடை செய்யவில்லை. தகுந்த காரணமில்லாமல் அதைத் தெருவில் கொண்டுபோவதைத்தான் தடை செய்தது. வேலைக்குப் போவது தகுந்த காரணம். வேலை முடிந்து திரும்புவதும் அப்படியே. எனவே போலீஸ்காரர் எளிதான கேள்வியைத்தான் கேட்டார்.

"வேலைக்குப் போறீங்களா?"

"வேலையெல்லாம் இல்ல சார். தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

உண்மையில் தங்கை வீட்டு சோபாவுக்கு உறை மாற்றத்தான் போய்க்கொண்டிருந்தார். ஆனால் கூடப்பிறந்தவளுக்குச் செய்வதை வேலை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. போலீஸ்காரர், "தங்கை வீட்டுக்கு, கத்தியுடன், வேலை எதுவும் இல்லை" என்று எழுதிக்கொண்டார். எழுதியதைப் படித்ததும் அவருக்கே கொஞ்சம் கலக்கமாக இருந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் யார்மீதாவது மனக்குறை உண்டா என்று கேட்டார். மாப்பிள்ளை எந்நேரமும் சோபாவிலேயே விழுந்து கிடந்து அதைக் கிழித்தே விட்டார், அதில் தனக்கு வருத்தம்தான் என்று பஞ்சு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

வழக்கு பதிவானது. பஞ்சுவின் வருமானத்தில் முக்கால்வாசி ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. அங்கே நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகள் முழுக்க அவர் பொறுப்பு. சின்ன அபராதம் விழுந்தாலும் அவருடைய நுழைவு அட்டையைத் திருப்பி வாங்கிவிடுவோம் என்று மேலாளர் மரியாதையாகவே சொல்லிவிட்டார்.

நீதிமன்ற வாசலில் தங்கையின் கைப்பையைத் துழாவி இரண்டு ஊக்குகளைப் பறித்துக்கொண்டார்கள். உள்ளே, கத்தி இருந்த பிளாஸ்டிக் உறையை யாராலும் திறக்க முடியவில்லை. கூர்மையான பொருள் எதுவும் அந்தக் கட்டடத்துக்குள் வர அனுமதியில்லை. கடைசியில் வழக்குப் போட்ட போலீஸ்காரரே பல்லால் கடித்துத் திறந்தார்.

சாட்சிக் கூண்டில் தங்கை ஏறினாள். "எங்கண்ணன் எனக்குன்னு ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்ல" என்று உறவுக்காரர்களிடம் இருபது வருடமாகச் சொல்லி வந்தவள். அவர் வேலை செய்யத்தான் வந்தாரா என்று நீதிபதி அம்மா கேட்டார்.

"வேலைக்குத்தாம்மா வந்தாரு. ரெண்டு மாசம் முன்னாடி சோபாவப் பிரிச்சுப் போட்டுட்டுப் போனவரு. என் வீட்டுக்காரர் தரையில உக்காந்து டிவி பாக்கறாரு. இவருக்கு நீங்க தண்டனை குடுத்தா அத யாரு முடிப்பா?"

கூலி வாங்கினால்தான் வேலை என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை, பாதியில் நிற்பதும் வேலைதான் என்று நீதிபதி தீர்ப்பளித்தார். பஞ்சு விடுதலை. கத்தியை இன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பொருள் ஒப்படைக்கும் அறையில் குமாஸ்தா கத்தியை நீட்டினார். பஞ்சு கையெழுத்துப் போட்டாரே தவிர, கத்தியை வாங்கவில்லை.

"இத எடுத்துக்கிட்டு நான் எப்படி சார் வெளிய போறது?"

குமாஸ்தாவுக்குப் புரியவில்லை. பஞ்சு விளக்கினார். வழக்குக்காக இன்று லீவு போட்டிருக்கிறார். போக வேண்டிய வேலை எதுவும் இல்லை. தங்கை இப்படியே தன் அலுவலகத்துக்குப் போகிறாள். அவள் வீடு பூட்டியிருக்கிறது. வாசலில் அதே போலீஸ்காரர் நிற்கிறார். கத்தியை இங்கேயே விட்டுப் போகலாமா என்றால், உத்தரவானபின் ஒரு நாள்கூட வைத்திருக்க முடியாது என்றார் குமாஸ்தா. தபாலில் கத்தி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். யோசிப்பதற்காகக் குமாஸ்தா எழுந்து நின்றார். அவருடைய நாற்காலி தெரிந்தது. உறை நடுவில் கிழிந்து பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது.

"இது எத்தன நாளா இப்படி?"

மாற்றச் சொல்லி ஆறு வருடம் முன்பு விண்ணப்பம் கொடுத்ததாகக் குமாஸ்தா சொன்னார்.

பஞ்சு இப்போது கத்தியை வாங்கினார். கிழிந்த ஓரங்களை அறுத்தெடுத்தார். பழைய கோப்புகளைச் சுற்றியிருந்த துணியை இழுத்துப் போர்த்தி, கோப்பு கட்டும் நாடாவால் அடியில் இறுக்கிக் கட்டினார். அரைமணி நேரத்தில் முடிந்தது. குமாஸ்தா உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இதைக் கொண்டுவருபவர் வேலை முடிந்து வீடு திரும்புகிறார்" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

வாசலில் போலீஸ்காரர் அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்து வழிவிட்டார். அலுவலகம் கிளம்புமுன் அண்ணனுக்காகக் காத்திருந்த தங்கையும் வாங்கிப் படித்தாள்.

"ஊரான் நாற்காலிக்கு அரைமணி. எனக்கு ரெண்டு மாசம். ஞாயித்துக்கிழம ஒழுங்கா வந்து சேருண்ணே. யாரு கேட்டாலும் வேலைக்குன்னு சொல்லு."

அந்த ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்தில் அவரை யாரும் நிறுத்தவில்லை. பஞ்சு தானாகவே போலீஸ்காரரிடம் போய் நின்றார்.

"வேலைக்குப் போறேன் சார்."