இடக்கைத் துப்பாக்கி

மூஸ் வேட்டைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கையிலேயே ஹால்வர் வட ஸ்வீடனில் எங்கள் ஊரான ஸ்ட்ரோம்சுந்தில் இருக்கும் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்துவிட்டார். மூஸ் ஆளைவிட உயரமான மான். குண்டு சரியாக இறங்காவிட்டால் ரத்தத் தடம் பார்த்துக் காடெல்லாம் அலைய வேண்டியதுதான். அதனால் எங்கள் ஊர் ஆண்கள் பெண் பார்ப்பதைவிடப் பொறுமையாகத் துப்பாக்கி பார்ப்பார்கள்.

கடைக்காரர் எவெர்ட் அவருடைய பள்ளித் தோழர். ஒன்பது புள்ளி மூன்று மில்லிமீட்டர் காலிபர், பெரிய குண்டு போடும் துப்பாக்கியை எடுத்து மேசையில் வைத்தார். எலும்பையும் உடைத்துக்கொண்டு போகும், மூஸ் நின்ற இடத்திலேயே விழும் என்றார். ஹால்வர் அதைத் தொடவேயில்லை. சின்னக் குண்டு போடும் ஆறு புள்ளி ஐந்து போதும், அதுவும் இடக்கைக்காரருக்கானது வேண்டும் என்றார்.

"உனக்கு எப்பப்பா கை மாறிச்சு?"

"எனக்கில்ல. தூவாவுக்கு."

எவெர்ட் கிண்டலை அதோடு விட்டுவிட்டார். மகள் தூவா தெற்கே தொலைவில் இருக்கும் கோதென்பர்க் நகரத்துக்குப் போனவள், ஐந்து வருடமாக வேட்டைக்கு வரவில்லை என்பது ஊருக்கே தெரியும். கடைசியாக வந்தபோது அப்பாவின் ஒன்பது புள்ளி மூன்றால் சுட்டாள். அது உதைத்ததில் தோள் கன்றிப்போனது. மறு வருடம் கூப்பிட்டதற்குத் தோள் தாங்காது என்று சொல்லிவிட்டாள். மனுஷர் அதை அப்படியே நம்பிவிட்டார். ஒவ்வொரு வேட்டைக்கும் குழுவில் யார் எங்கே நிற்பது என்று சீட்டுக் குலுக்கும்போது அவள் பெயரையும் எழுதிப் போடுவார். அவளுக்கு விழுந்த இடத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை. அவளை நினைத்து அவருக்கு எத்தனை ஏக்கம் என்று அவரைத் தவிர எல்லாருக்கும் புரிந்திருந்தது.

அன்று மாலையே மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஆறு புள்ளி ஐந்து அதிகம் உதைக்காது, தோளில் அணைக்கும் மரக்கட்டை இலேசானது, நுரையீரலில் பட்டால் எந்த மூஸும் நிற்காது என்று மூச்சுவிடாமல் சொன்னார். தூவா குறுக்கிட்டாள்.

"அப்பா, துப்பாக்கி உதைச்சதுக்கா நான் வராம இருக்கேன்? அந்த ஒரு வாரம் முழுக்க நீங்க எங்கிட்ட பேசினது காலிபரும் காத்தடிக்கிற திசையும்தான். அம்மா தவறிப்போய் ஆறு மாசம்கூட ஆகல அப்போ."

வேட்டைக்காட்டில் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் ஒழுங்கு என்று வளர்ந்த மனுஷர். வீட்டிலும் அதையே ஒழுங்காக்கிக்கொண்டதை இப்போதுதான் உணர்ந்தார்.

"துப்பாக்கி கெடக்கட்டும்மா," என்றார். "உன்னத் தேடுது எனக்கு."