பாலக்கோடு இங்கே நிற்காது

உமைராவுக்கு அன்றைக்கு ஒரே ஒரு காரியம்தான் ஆகவேண்டியிருந்தது. பெங்களூரில் கிளம்பி மதுரையில் இறங்கும் வரைக்கும் பக்கத்துச் சீட்டில் இருக்கும் கேப்டன் கலைவாணன் முகம் சுளிக்கக்கூடாது. அது அவளுடைய கடைசிப் பரிசோதனைப் பயணம். தேறினால் நிரந்தரத் துணை விமானி. தவறினால் மறுபடியும் பயிற்சி வகுப்பு.

அப்படிப்பட்ட நாளில்தானா அவளுடைய பூப்பி குல்ஷன், அதாவது அப்பாவுக்கு அக்கா, பாலக்கோட்டில் பாதித் தெருவைத் திரட்டிக்கொண்டு மதுரைக் கல்யாணத்துக்கென்று அதே விமானத்தில் ஏறவேண்டும்? வந்தவர்களில் ஒருவர்கூட அதற்குமுன் விமானத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. ஏறும்போதே பூப்பி விமானி அறைக்குள் தலையை நீட்டினாள்.

"உமைரா கண்ணு, நம்மூரு வர்றப்ப ஒரு குரல் குடு. பாத்துக்கறோம்."

கலைவாணன் அரூர்க்காரர். பூப்பி போன பிறகு, "எங்க ஊருக்கெல்லாம் குரல் கிடையாதுங்களா?" என்றார்.

"உங்க ஊரு ரூட்டுல வராதுங்க கேப்டன்."

சிரித்தாரா, முறைத்தாரா, தெரியவில்லை. அந்த முகம் அப்படி.

இரண்டு பக்கமும் காற்றாடி சுழலும் சின்ன விமானம் அது. ஓட்டுவது உமைரா, ரேடியோவில் பேசுவது கேப்டன் என்று ஏற்பாடு. ஓசூர் தாண்டும்போதே தெற்கே கோடைமழை மேகங்கள் கோபுரம் கோபுரமாக எழும்பி நின்றன. ராடாரில் சிவப்பாகத் தெரிந்ததை எல்லாம் ஒதுங்கிப் போனார்கள். பதினாறாயிரம் அடியில் நில்லுங்கள் என்றது கட்டுப்பாட்டு அறை. அதற்கு ஆயிரம் அடி மேலே இன்னொரு விமானம் எதிரே வந்துகொண்டிருந்தது.

"பெல்ட் விளக்கு எரிஞ்சபடியே இருக்கட்டும்," என்றார் கேப்டன்.

எரிந்துகொண்டுதான் இருந்தது. விமானமும் அந்த நேரம் தொட்டில் மாதிரி நிதானமாகப் போயிற்று. எல்லாரும் பெல்ட் போட்டுத்தானே இருக்கிறார்கள், ஜன்னல் வழியாகப் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று உமைரா மைக்கை அழுத்தினாள்.

"உக்காந்தபடியே இடது பக்கம் பாருங்க. பாலக்கோடு."

அவ்வளவுதான் சொன்னாள். உடனே பின்னாலிருந்து பணிப்பெண் பூவிழி இன்டர்காமில் வந்தாள்.

"மேடம், என்ன சொன்னீங்க? பாலக்கோட்டுக்காரங்க பெல்ட்ட கழட்டிட்டு எழுந்துட்டாங்க. மேலருந்து பையெல்லாம் இறக்கறாங்க."

பாவம், அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? பிறந்ததிலிருந்து பஸ்ஸில் போனவர்கள். கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொன்னால் புத்தி யோசிக்கும் முன்னே கை பைக்குப் போய்விடும், கால் படிக்கட்டுக்குப் போய்விடும். விமானம் பாலக்கோட்டில் நிற்காது என்பது அவர்களுக்கும் தெரியும். கைக்கும் காலுக்கும் தெரியவேண்டாமா?

அந்த நேரம் பார்த்துத்தான் கீழிருந்து காற்று அடித்தது. யாரோ அடியில் கைகொடுத்துத் தூக்கியதுபோல விமானம் எழும்பியது. ஆட்டோபைலட் கிணுகிணுத்துவிட்டுக் கழன்றுகொண்டது. உயரம் நூறு அடி கூடி, இருநூறு கூடி, ஏறிக்கொண்டே போனது.

விமானத்தின் மூக்கைக் கீழே ஓர் அழுத்து அழுத்தினால் போதும், பழைய உயரத்துக்கு வந்துவிடலாம். பரிசோதனையும் பிழைத்துவிடும். ஆனால் நடைவழியில் நிற்கிறவர்கள் பந்து மாதிரி எழும்பிக் கூரையில் முட்டுவார்கள். பூப்பிக்கு ஏற்கெனவே கழுத்து வலி.

உமைரா இன்ஜின் விசையைக் கொஞ்சம் குறைத்தாள். மூக்கை அழுத்தாமல் இறக்கையை மட்டும் சமமாகப் பிடித்துக்கொண்டாள்.

"கேப்டன், உயரத்தப் புடிக்க முடியல. ஆளுங்க உக்கார்ற வரைக்கும் புடிக்கவும் போறதில்ல. சொல்லிருங்க."

கலைவாணன் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு ரேடியோவில் சொன்னார். மேலே வந்த விமானத்தைக் கட்டுப்பாட்டு அறை விலக்கித் திருப்பியது.

"நானூறு அடி தாண்டிருச்சு."

"தெரியுதுங்க."

"பயணிகள் உடனடியாகத் தங்கள் இருக்கைகளில் அமர்ந்து..." என்று கேப்டன் மைக்கில் அழகாகச் சொன்னார். பூவிழி திரும்ப வந்தாள்.

"ஒருத்தரும் உக்காரல சார். வேற யாருக்கோ சொல்றாங்கன்னு நெனைக்கறாங்க."

"நான் சொல்றேங்க," என்று உமைரா மைக்கை அழுத்தினாள். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்த கண்டக்டர் குரல் தானாக வந்தது.

"பாலக்கோடு இங்க நிக்காதுங்க. இது பாயிண்ட் டு பாயிண்ட், நேரா மதுரதான். பைய வுட்டுட்டு எல்லாரும் உக்காருங்க. பூப்பி, உனக்குத்தான், உக்காரு."

இன்டர்காம் மறுபடி ஒலித்தது.

"உக்காந்துட்டாங்க மேடம்," என்றாள் பூவிழி. "பெல்ட்டும் போட்டாச்சு. ஒரு பெரியவரு மட்டும், முன்னாடியே சொல்றதுக்கென்னன்னு கோவிச்சுக்கறாரு."

அதற்குப் பிறகுதான் உமைரா மூக்கை மெல்லத் தாழ்த்தினாள். குலுங்கிக் குலுங்கி விமானம் பழைய உயரத்துக்கு வந்து, மேக நிழலைவிட்டு வெயிலுக்குள் நுழைந்தது.

"நானூத்தி அறுபது அடி," என்றார் கலைவாணன். "ரிப்போர்ட் போகும்."

"போகட்டுங்க. ஊர்ப் பேரச் சொன்னது என் தப்பு. அதையும் சேத்துக்கங்க."

"சேத்தாச்சு."

அதற்குமேல் மதுரை வரைக்கும் அவர் வேலைப் பேச்சைத் தவிர வேறொன்றும் பேசவில்லை. உமைரா தரை இறக்கியது தயிர்ச்சட்டியை இறக்கி வைத்ததுபோல இருந்தது. கலைவாணன் குறிப்பேட்டில் என்னவோ எழுதினார்.

எல்லாரும் இறங்கியபின் பூப்பி கடைசியாக வந்து அறை வாசலில் நின்றாள். கேப்டனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தம்பி, இந்த ஆட்டத்துக்கு எங்க புள்ளைய வேலையிலருந்து எடுத்துருவீங்களா?"

உமைரா கையிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூக்க அமுக்கி உங்க தலைய இடிக்க வுட்டிருந்தா எடுத்திருப்பேங்க," என்றார் கலைவாணன். "இனிமே நிரந்தரமா ஓட்டட்டும். மைக்கு மட்டும் கொஞ்ச நாளைக்கு என்கிட்ட இருக்கும்."