நாரையின் பின்பக்கம்
புகாராவின் புது ஓட்டல் முகப்பில் மாட்டுவதற்காக, செம்புத் தகட்டில் நாரைக் கூடு ஒன்றை அடித்துக் கொண்டுவந்திருந்தாள் மஸ்தூரா. தன் பெயரில் அவள் தேர்வுக்கு வைத்த முதல் தகடு அது. வண்டியிலிருந்து இறக்கியவன் அதைத் திருப்பிச் சாய்த்துவிட்டான். தோம்லா, அதாவது ஆசான், என்று ஊரே பயபக்தியோடு அழைக்கும் கலை நிபுணர் ஹம்தம்தான் தேர்வு செய்ய வந்திருந்தார். அவர் பார்த்ததெல்லாம் உளி குத்திய குழிகளும், அடிக்கும்போது தகட்டைத் தாங்கிய தாரின் கறுப்புத் திட்டுகளும்தான்.

"என்ன ஆழம் பாருங்க. இந்தக் கருமேகத்துல காலமே உறைஞ்சு நிக்குது."

"தோம்லா, அது பின்பக்கம். மேகமில்ல, தாரு. துடைக்க நேரமில்லாம விட்டுட்டேன்," என்றாள் மஸ்தூரா.

கூட இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். தகட்டைத் திருப்பினார்கள். கூட்டில் நின்ற நாரைகளை ஹம்தம் நெடுநேரம் பார்த்தார். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

"இது வெறும் பறவைதானே தங்கச்சி. அந்தப் பக்கம் தெரியுற மாதிரி மாட்டுங்க, எடுத்துக்கிறோம்."

"சரிங்க தோம்லா. நானே மாட்டித் தர்றேன்."

மாட்டினாள், ஓரத்தில் இரண்டு கீல் வைத்து, கதவு மாதிரி. இப்போது தினமும் அங்கே நாரைகள்தான் நிற்கின்றன. ஹம்தமின் கார் வாசலுக்கு வந்தால் மட்டும் வரவேற்பாளர் ஓடிப்போய் மேகத்தைத் திருப்பிவைப்பார்.