இசக்கிசெல்விக்குப் பதினஞ்சு வயசு

பெற்ற பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று எந்தத் தாயாவது சர்க்கார் ஆபீசில் போய்க் கேட்பாளா? சொர்ணத்தாய் கேட்டாள். தொண்ணூற்றேழாம் வருஷம் ஆவணி மாதம், கோவில்பட்டியில் தொழிலாளர் ஆய்வாளர் வேணுகோபால் முன்னால் நின்று கேட்டாள்.

“எம்மவ இசக்கிசெல்விக்குப் பன்னெண்டு வயசுதான்யா. தீப்பெட்டி ஆபீசுல எங்கூட குச்சி அடுக்குதா. திங்கக்கிழமையில இருந்து மருந்து ரூமுக்குப் போகணும்ங்காவ. நானா நிறுத்துனா எனக்கும் வேலை கிடையாதாம். நீங்க சட்டப்படி கூட்டிட்டுப் போனா எம்மேல குத்தம் வராதுல்லா?”

குச்சி முனையில் வைக்கும் வெடிமருந்தைக் கலக்கும் அந்த மருந்து ரூமில் போன பங்குனியில் தீப்பிடித்து ஒரு பெண்ணுக்குப் பத்து விரலும் ஒட்டிப்போயின. சோற்றை அவளுக்கு இன்னும் ஆத்தாதான் ஊட்டுகிறாள். சொர்ணத்தாயின் புருஷனோ ஆட்டுக் கிடையோடு மேற்கே போனவன், மாதம் நாலாகியும் திரும்பவில்லை. மூன்று வருஷமாகக் கரிசலில் விதைத்த விதைகூட வீடு வரவில்லை. வேலையை விட்டால் பட்டினிதான்.

வேணுகோபால் நேர்மையான மனிதர். சனிக்கிழமையே வந்துவிட்டார். வாட்ச்மேன் விசில் ஊதினான். சின்னப் பிள்ளைகள் எல்லாம் பின்வாசல் வழியாகப் பருத்திக் காட்டுக்குள் ஓடின. இசக்கிசெல்வி மட்டும் குனிந்த தலை நிமிராமல் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஓட வேண்டியதில்லை. அவளிடம்தான் வயசு சர்டிபிகேட் இருக்கிறதே!

“இந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?” என்றார் வேணுகோபால்.

மானேஜர் தவசி சிரித்துக்கொண்டே பைலை நீட்டினான். டாக்டர் கையெழுத்தும் முத்திரையுமாக, வயது பதினைந்து.

அந்தக் கூத்தையும் சொல்ல வேண்டும். சர்டிபிகேட் இருந்தால் ரெய்டுக்கு ஓட வேண்டாம், வேலை நிரந்தரம் என்று தவசி சொன்னதைக் கேட்டு, தை மாதம் சொர்ணத்தாய் மகளுக்குச் சடங்கு வைத்தாள். பிள்ளை பெரியவளாகவே இல்லை. ஆனாலும் பத்திரிகை அடித்து, தாய்மாமன் தட்டில் சீர் கொண்டுவந்து, தாவணி உடுத்தி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ஊரைக் கூட்டிச் சோறும் போட்டாள். டாக்டர் அந்தப் பத்திரிகையைப் பார்த்தார், தாவணியைப் பார்த்தார். பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

வேணுகோபால் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். “உள்ள வர, பதிவேட்டை எடுக்க, யாரையும் விசாரிக்க எனக்கு அதிகாரம் இருக்கு. சர்டிபிகேட் இல்லைன்னா வயசைப் பார்க்க நானே டாக்டர்கிட்ட அனுப்பலாம். இருக்கும்போது முடியாது.”

பெற்றவள் சொல்லை விடக் காகிதமா பெரிது? சொர்ணத்தாய் தவசியை மறந்தாள், வேலையை மறந்தாள்.

“அது பொய்யிய்யா! நாந்தான் பொய்ச் சடங்கு வச்சேன்!”

தவசியின் சிரிப்பு நின்றது. வேணுகோபால் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்தார். “நீ ஒரு வார்த்தை சொல்லு தாயி. பொய்ச் சர்டிபிகேட்னு நான் மேல எழுதி, உன்னை இங்கிருந்து கூட்டிட்டுப் போயிடுவேன். உனக்கு எத்தனை வயசு?”

“பதினஞ்சு சார்.”

“ஏட்டி, உண்மையச் சொல்லுட்டி!” சொர்ணத்தாய் மகளின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஒரு வாரம் அகப்பைக் காம்பால் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். யார் கேட்டாலும் பதினஞ்சு. நானே அழுது கேட்டாலும் பதினஞ்சு. அப்படியே அழுதும் காட்டினாள். பிள்ளை இரண்டு முறை ஏமாந்து பன்னிரண்டு என்றாள், இரண்டு முறையும் முதுகு வீங்கியது.

“பதினஞ்சுதான் சார்” என்று இசக்கிசெல்வி உரக்கச் சொன்னாள். “சடங்கு கழிஞ்சாச்சு.”

வேணுகோபால் பேனாவை எடுத்தார். வயது பதினைந்து என்றே எழுதினார். ஜீப் போகும் வரை தவசி வாசலில் கும்பிட்டபடி நின்றான். திரும்பி வந்து நிதானமாகப் பேசினான்.

“நீ இன்னையோட நின்னுக்க. பிள்ளை வரட்டும், வீட்டுல அடுப்பு எரியணும்லா? திங்கக்கிழமை எதுக்கு, இப்பமே மருந்து ரூமுக்குப் போகட்டும்.”

இசக்கிசெல்வி எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டாள். போகிற போக்கில் அம்மாவின் காதருகே குனிந்தாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

“நீ எம்புட்டு அழுதும் நான் மாத்திச் சொல்லலை பாத்தியாம்மா?”