பட்டனைக் கூட்டி வா

கோரா விக்ஸை விரலில் வழித்துக் குதிரையின் மூக்குத் துளைக்குள் தடவினாள். பட்டன் தலையை ஒருமுறை உதறிவிட்டு, சரி செய்துகொள் என்பதுபோல நின்றது. அதற்கு இது பழக்கம்தான். ஒவ்வோர் ஆண்டும் பனி விழுவதற்கு முன் அப்பா சுடும் எல்க் மானின் இறைச்சியை மலையிலிருந்து இறக்குவது பட்டன். இரத்த வாடை பட்டால் மற்றக் குதிரைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். பட்டன் ஓடாது. விக்ஸ் சும்மா ஒரு காப்புக்கு.

கோரா இரண்டாவது தடவையாக டப்பாவுக்குள் விரலை விட்டாள்.

"போதும்டி. குதிரைக்கு ஜலதோஷமா என்ன?" என்றார் மெர்ல் மாமா. சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றினார், உள்ளே எதையோ தேடுவதுபோலப் பார்த்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

கீழே, ஓடையோரத்து ஃபிர் மரங்களுக்குள் அம்மா இருந்தாள். இவர்கள் வந்து இறங்கியபோது வெளியே வந்து, "வந்துட்டீங்களா" என்று மட்டும் கேட்டாள். இருவரையும் தொடவில்லை. பட்டனைத்தான் பார்த்தாள். பிறகு திரும்பி மரங்களுக்குள் போய்விட்டாள்.

அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று கோராவுக்குத் தெரியவில்லை. தெரிந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அதனால்தான் விக்ஸ் தடவிக்கொண்டே நின்றாள்.

முந்தாநாள் அம்மாவின் சாட்டிலைட் கருவியிலிருந்து மாமாவின் போனுக்குச் செய்தி வந்தது. "ஆர்லன் போயிட்டாரு. நான் நல்லாருக்கேன். பட்டனைக் கூட்டி வா." அப்பாவைப் பற்றி அவ்வளவுதான். காட்டுத்தீப் புகையில் ஹெலிகாப்டர் இறங்க முடியாது என்றார்கள். வனத்துறையின் கோவேறு கழுதைகள் தீயணைக்கிறவர்களோடு வேறு பள்ளத்தாக்கில் இருந்தன. நாலைந்து நாள் பொறுக்கச் சொன்ன அதிகாரியிடம் மாமா, "அதுவரைக்கும் கரடியையும் பொறுத்துக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார். விடிவதற்கு முன்பே குதிரைகளை ஏற்றும் இழுவை வண்டியை டிரக்கில் மாட்டினார்.

வழி முழுவதும் கோரா அந்தக் கடைசி வரியையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு வந்தாள். இறைச்சி சுமந்து பழகிய குதிரை என்பதால் கேட்டிருக்கிறாள் அம்மா. வேறு என்ன? வேறு ஒன்றும் இல்லை. ஆனால் அப்படி மட்டும்தானா?

அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருந்த பயணம் இது. வயோமிங் பக்கமிருந்து மலையின் முதுகெலும்பிலேயே ஏறி, மொன்டானாவைத் தாண்டி, கனடா எல்லை வரைக்கும். குதிரையில், இரண்டு பேர் மட்டும். மாடு, வைக்கோல், பனி, கோராவின் பள்ளிக்கூடம் என்று ஏதாவது ஒன்று ஒவ்வோர் ஆண்டும் குறுக்கே வரும். இந்த ஆண்டு எதுவும் வரவில்லை.

மே மாதத்தில் ஒருநாள் அப்பா கொட்டகைக் கதவில் சாய்ந்து நின்று கேட்டார். "கோரா, பட்டனை நான் எடுத்துட்டுப் போனா உனக்குப் பரவாயில்லையா?"

"ஆகஸ்ட்ல சந்தைப் பந்தயம் இருக்குப்பா."

"சரி."

அவ்வளவுதான் பேச்சு. பட்டனை அவள் ஒன்பதாவது பிறந்தநாளுக்குக் கொடுத்தவரே அவர்தான். ஆனால் கொடுத்த குதிரை கொடுத்தவருடையது அல்ல. அவர்கள் பக்கத்தில் குதிரையை ஒருமுறைதான் கேட்பார்கள். இரண்டாவது தடவை கேட்டால் அது கேட்பது இல்லை, கெஞ்சுவது. அப்பா இரண்டாவது தடவை கேட்கவில்லை. நாலு வயதுகூட முடியாத கருப்புக் குதிரை ஜெட்டுக்குச் சேணம் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சந்தையில், நட்டுவைத்த கம்புகளுக்கு நடுவே வளைந்தோடும் பந்தயத்தில், கோரா நாலாவதாக வந்தாள்.

"வாடி கண்ணு," என்றார் மாமா. "ஒங்கம்மா காத்துட்டு இருக்கா."

ஜெட்டை ஓடைக்கு இந்தப் பக்கம் தனியாகக் கட்டியிருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. பட்டனைக் கண்டதும் சந்தோஷமாகக் கனைத்தது. கோரா அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தாள். பொதிக்குதிரை முன்னங்காலை ஊன்றாமல் நின்றது. அம்மாவின் குதிரை மேப்பிள் மட்டும் எல்லாவற்றுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு புல் மேய்ந்தது.

மரங்களுக்குள் இரண்டு பக்கமும் தீ எரிந்த கருப்பு வட்டங்கள். கரடி வராமலிருக்க அம்மா நடுவில் உட்கார்ந்து இரண்டையும் அணையாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் தலைமயிர், சட்டை எல்லாம் புகை நாறியது. அவளுக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தண்டு. தண்டின் மேல், கூடாரத்துக் கித்தானில் சுற்றிக் கயிறு கட்டிய ஏதோ ஒன்று, கொடியில் போட்ட ஈரக் கம்பளிபோல இரண்டு பக்கமும் தொங்கியது.

அப்பாவைப் படுக்க வைத்திருப்பார்கள் என்று கோரா நினைத்திருந்தாள்.

மாமாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "நோரீன்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"வெறைச்சுப் போறதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்," என்றாள் அம்மா. "இல்லேன்னா சேணத்து மேல நிக்காது." கொஞ்சம் பொறுத்து, "நிக்கமாட்டாரு," என்றாள்.

"நீ ஒருத்தியாவா தூக்கின?"

"வேற யாரு இருக்கா இங்க?"

மாமா தலையாட்டினார். பிறகு, வேலை என்று வந்துவிட்டால் செய்வதுபோலக் கையுறையை மாட்டிக்கொண்டார். "சரி. கோரா, நீ பட்டன் தலையைப் பிடிச்சுக்கோ. அவன் கண்ணு உன் பக்கமே இருக்கட்டும்."

கோரா பட்டனின் தலைக்கயிற்றை இறுக்கிப் பிடித்து, அதன் நெற்றியிலிருந்த வெள்ளை வட்டத்தில் தன் நெற்றியை வைத்துக்கொண்டாள். பார்க்க வேண்டாம் என்று கண்ணை மூடினாள். மாமா மூச்சுத் திணறுவது கேட்டது. "உன் பக்கம் தாழ்த்து. தாழ்த்து. இப்போ." சேணம் முனகியது. குதிரையின் உடம்பு ஒரு கணம் அசைந்து, கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, நின்றது. காது இரண்டும் பின்னால் போய், மெதுவாக முன்னால் வந்தன.

ஓடவில்லை. ஓடியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று கோராவுக்குத் தோன்றியது.

மாமா பொதிக்குதிரையின் காலைப் பார்க்கப் போனார். அம்மா வயிற்றுக்கு அடியில் கயிற்றை விட்டு இந்தப் பக்கம் இழுத்தாள். இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்கமாட்டோம் என்று கோராவுக்குத் தெரிந்தது.

"எப்படிம்மா நடந்துச்சு?"

"காட்டுக்கோழி. பாதையோரம் புதர்லேருந்து படபடன்னு கெளம்புச்சு. ஜெட் மெரண்டு பின்னாடி போச்சு." கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினாள். "பின்னாடி பாதை இல்ல. அது ஏறிடுச்சு, இவரு விழுந்துட்டாரு."

"ஒடனேயா?"

"இருட்டுற வரைக்கும் இருந்தாரு."

"என்னைப் பத்தி... ஏதாவது சொன்னாரா?"

"பேசறதுக்கு மூச்சு இல்லடி."

கோரா பட்டனின் பிடரிமயிரில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். தன் குரல் வேறு யாருடையதோபோல வெளியே வந்தது. "பட்டனா இருந்திருந்தா?"

அம்மா முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள். அதை விட்டுவிட்டு, அடுத்த கயிற்றைத் தேடி எடுத்தாள்.

"பட்டனா இருந்திருந்தா நின்னிருக்கும்," என்றாள்.

திட்டுவதுபோல இல்லை. மழை வரும், வராது என்று சொல்வதுபோல. மே மாதத்திலிருந்து எது காதில் விழக்கூடாது என்று கோரா தனக்கே தெரியாமல் பயந்தாளோ, இரண்டு நாளாக எது விழப்போகிறது என்று நடுங்கிக்கொண்டிருந்தாளோ, அது இவ்வளவு சின்ன வாக்கியமாக இருந்தது. அவள் அழவில்லை. அழுதால் குதிரை மிரளும்.

அம்மா மறுபக்கம் போனாள். குதிரையின் முதுகுக்கு அப்பாலிருந்து அவள் தலை மட்டும் தெரிந்தது.

"அதுக்கு முந்தின நாள் கேம்ப்ல சொன்னாரு," என்றாள். "'நோரீன், இந்த ஜெட் பய சரியில்ல. எல்லாத்துக்கும் பயப்படறான். நாளைக்குத் திரும்பிடுவோமா'ன்னாரு. 'இவ்ளோ தூரம் வந்துட்டுத் திரும்பறதா'ன்னேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"'சரி'ன்னாரு."

கயிறு குதிரையின் வயிற்றுக்கு அடியிலிருந்து இந்தப் பக்கம் நீண்டு வந்தது. கோரா குனிந்து அதைப் பிடித்து, அம்மா இழுப்பதற்கு ஏற்றபடி விட்டுக்கொடுத்தாள்.

கீழே இறங்கும்போது அம்மா மேப்பிளில் முன்னால் போனாள். கோரா பட்டனை நடத்திக்கொண்டு நடுவில். மாமா ஜெட்டையும் நொண்டிக் குதிரையையும் இழுத்துக்கொண்டு பின்னால். நிறைய இடத்தில் பாதை ஒரு குதிரைக்குத்தான் இருந்தது. பட்டன் ஒவ்வோர் அடியையும் யோசித்து வைத்தது. கோரா சொல்லிக்கொடுக்காத கவனம் அது.

பள்ளத்தாக்கு அகலமாகிற இடத்தில் வில்லோடு வேட்டைக்காரன் ஒருவன் எதிரே ஏறி வந்தான். முகத்தில் பச்சையும் கருப்புமாக மை பூசியிருந்தான். குதிரைகளைக் கண்டதும், முறைப்படி பாதையின் தாழ்ந்த பக்கம் இறங்கி நின்று வழிவிட்டான். அவன் கண் கித்தானின் மேல் போயிற்று.

"அடேங்கப்பா! சீசன் இப்பத்தான் ஆரம்பிச்சுது, அதுக்குள்ளயா? நான் வந்ததுலேருந்து ஒரு எல்க் வாலைக்கூடப் பாக்கல." பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "யாரு அடிச்சது? பாப்பாவா?"

கோராவுக்குப் பதில் தெரியும். வாயைத் திறந்தாள்.

"நான்," என்றாள் அம்மா, முன்னாலிருந்து, திரும்பாமல்.

"அம்மாவா! அப்போ வீட்டுக்காரர் மூஞ்சியைப் பாக்கணுமே இன்னிக்கு!"

பின்னால் மாமா ஏதோ சொல்ல வந்து இருமினார். அம்மா மேப்பிளை நிறுத்தவில்லை. "வழி விட்டதுக்கு நன்றிங்க," என்றாள். "மேலே புகை ஜாஸ்தி. பாத்துப் போங்க."

அவன் தொப்பியைத் தொட்டு வணங்கினான். கோரா அவனைக் கடந்தபோது, "நல்ல குதிரை," என்றான்.

வண்டி நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓடை பாதையை வெட்டிக்கொண்டு போகிறது. மேப்பிள் நனைந்த கால்களோடு அக்கரை ஏறிற்று. பட்டன் நடு ஓடையில் நின்று தலையைத் தாழ்த்தியது. கழுத்து இறங்கியதும் சுமை முன்பக்கமாக, கோராவின் பக்கமாக நழுவியது. அவள் கயிற்றை விட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்றபடி, தோளைக் கித்தானுக்கு அடியில் கொடுத்தாள். கனம் மெதுவாக அவள்மேல் சாய்ந்து, அங்கேயே நின்றது.

"கோரா, இழுத்துட்டு வா," என்று பின்னாலிருந்து மாமா குரல் கொடுத்தார்.

"இருங்க மாமா. குடிக்கட்டும்."

அக்கரையில் அம்மா குதிரையைத் திருப்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கால்களைச் சுற்றிச் சில்லென்று ஓடியது. பட்டன் நீளமாக, அவசரமில்லாமல் உறிஞ்சியது. தலையைத் தூக்கி, மூக்கிலிருந்து சொட்ட விட்டு, மறுபடி குனிந்தது. கோரா தோளை எடுக்கவில்லை.