நாங்க என்றால் எத்தனை அங்குலம்

கணக்கெடுப்பு அலுவலகத்து டைப்பிஸ்ட், யாராவது தன் முகத்துக்கு நேரே "நாங்க" என்று சொன்னால் பின்னால் நகர்ந்துவிடுவாள். கால் எடுத்து வைப்பதில்லை. செருப்போடு அப்படியே வழுக்கிப் போவாள். "நாங்க அப்படியெல்லாம் வித்தியாசம் பார்க்கறதில்லம்மா" என்று வீட்டுக்காரம்மா அன்பாகச் சொன்ன அன்று ஒரு முழம் போய்க் கதவில் இடித்துக்கொண்டாள். அவளுக்கு நிறமும் மூக்கும் வேறு, அவ்வளவுதான். பாட்டன் காலத்திலேயே வந்து சேர்ந்த குடும்பம், பேச்சு எல்லோரையும் போலத்தான். யாராவது ஒருவர் "நாம" என்று சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

எந்த வட்டாரத்தில் இனவெறி எவ்வளவு என்று அளந்து அனுப்பும்படி அப்போது மேலிடத்து உத்தரவு வந்தது. கேள்வித்தாளில் எல்லா ஊரும் 'அதெல்லாம் இங்கே கிடையாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டதால், டேப் பிடிக்க ஓர் ஆளோடு அவளையே ஊர் ஊராக அனுப்பினார்கள். ஆறு வருடம். துறைமுகப் பக்கம் சராசரி இரண்டு அங்குலம், மலைப்பக்கம் ஒன்பது. ஒரு சந்தையில் இருபது அடி போய்த் தக்காளிக் கூடையில் உட்கார்ந்தாள். டேப்காரர் அளவைக் குறித்துக்கொண்டார். அடிபட்டதா என்று கேட்கவில்லை.

அறிக்கையை வைத்துக்கொண்டு அறிஞர்கள் மூன்று நாள் மல்லுக்கட்டினார்கள். வெறுப்பு என்றார் ஒருவர், வெறும் இலக்கணம் என்றார் இன்னொருவர், தரை சமமாக இல்லை என்று அடித்துச் சொன்னார் பொறியாளர். "நாங்க ஒரு முடிவுக்கு வந்துட்டோம், டைப் பண்ணிடுங்க" என்று தலைவர் சொன்னபோது அவள் வாசல்வரை போய்விட்டாள். அதை யாரும் அளக்கவில்லை. ஆற்றோரத்து ஊர் ஒன்றில் மூன்று வாரம் இருந்தும் அவள் இம்மியும் நகரவில்லையாம். ஆகவே அதுதான் இனவெறியே இல்லாத ஊர் என்பது முடிவு. ஊருக்கு விருது கிடைத்தது. அங்கே எவரும் அவளிடம் வாயே திறக்கவில்லை என்பதை எழுதப் படிவத்தில் இடமில்லை. நல்லது செய்வதாக நினைத்து அவளை அந்த ஊருக்கே மாற்றினார்கள்.

கடைக்காரர் பேசாமல் எடை போட்டார், நடத்துநர் பேசாமல் டிக்கெட்டை நீட்டினார். வீட்டில் அவளே சுவரைப் பார்த்து "நாம சாப்பிடலாமா" என்று கேட்டுக்கொள்வாள். அங்கே போன ஒன்பதாவது வருடம், வெளியூரிலிருந்து வந்து கடை போட்ட தையற்காரி, "நாங்க ஞாயித்துக்கிழமை திறக்கறதில்லக்கா" என்றாள். அவள் நான்கு விரற்கடை நகர்ந்தாள். கண் கலங்கிவிட்டது. "இன்னொரு தடவை சொல்லும்மா" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அதன்பின் வாரம் ஒருமுறை அந்தக் கடைக்குப் போய், பின்னால் போவதற்கு இடம் விட்டு நின்றுகொண்டு, ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா என்று விசாரிப்பாள்.