பெயின்ட் டப்பா மேல் உட்கார்ந்தவள்

"இதுல பிளாஸ்டிக் எங்க ஒளிஞ்சிருக்கு?" என்று கடைக்கார அம்மா கேட்டபோது, பூனை தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தமில்லாமல் நடப்பாள், சத்தமில்லாமல் சாப்பிடுவாள் என்பதால் அண்ணி வைத்த பெயர் அது.

பிளாஸ்டிக் எதையுமே விற்காத கடை அந்த அம்மாவுடையது. பூனை தைத்துக் காட்டிய மாதிரித் தோல்பையின் நூலைப் பிரித்துத் தீக்குச்சி காட்டினாள், அது உருகி உருண்டையானது. ஓரச் சாயத்தை நகத்தால் சுரண்டினாள். ஏடு ஏடாக உரிந்தது.

"தோலு மட்டும்தான் அசல். மரப்பட்டைத் தண்ணியில ஊறுனது, வாசனையே சொல்லுது. மத்ததெல்லாம் வேஷம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வரேன். அப்பவும் இப்படின்னா இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

அவள் போனதும் அண்ணன் பட்டறையின் ஜன்னலோர மேஜையைத் தட்டினான். "ஆர்டர் வந்தா இது உனக்கு. உன் இஷ்டத்துக்குப் பை தை. வரலைன்னா திங்கக்கிழமையிலேருந்து பழையபடி ரெக்ஸின் சீட் கவர்தான்."

பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து இரண்டு வருஷமாக ரெக்ஸின் ஒட்டி, அந்தப் பசை நாற்றத்தில் தலைவலியை விலைக்கு வாங்கியவள் பூனை. அந்த வாரம் முழுக்கக் குனிந்த தலை நிமிரவில்லை. பருத்தி நூலுக்குத் தேன்மெழுகு ஏற்றினாள். ஓரங்களை மரக்கட்டையால் தேய்த்தே மினுக்கினாள். பித்தளைக் கொக்கி வைத்தாள். கடைசியாக, மூடி வளைந்து படியட்டும் என்று பையை நனைத்து மேஜையில் காயப்போட்டாள்.

அதே மேஜையில்தான் முந்தின நாள் அண்ணன் மிஷின் பாகத்தை அரம் போட்டிருந்தான். இரும்புத்தூளைத் துடைக்க மறந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை பார்த்தால், மூடியெங்கும் எள்ளை இறைத்த மாதிரி கரும்புள்ளி.

"அடியே, பைக்கு அம்மை போட்டிருக்கு!" என்றாள் அண்ணி. "கவலைப்படாதே. அலமாரியில கறுப்பு பெயின்ட் இருக்கு. ரெண்டு பூச்சு பூசினா பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது."

அந்த பெயின்ட் உலர்ந்தால் பிளாஸ்டிக் படலமாகப் படியும். பூனை வாயால் மறுக்கவில்லை. டப்பாவைத் தூக்கித் தரையில் வைத்தாள். அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரிடி."

அசையவில்லை.

"என்னங்க, உங்க தங்கச்சி அடைகாக்குறா பாருங்க!"

"விடு, குஞ்சு பொரிக்கட்டும்," என்றான் அண்ணன். தப்பு தன்னுடையது என்பதால் அவன் குரல் இறங்கியிருந்தது.

உட்கார்ந்த இடத்திலிருந்தே பூனை யோசித்தாள். தோலில் ஊறிய பட்டைச் சாறும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுக்கும். புள்ளியாகக் கறுத்ததுதானே அசிங்கம்? முழுக்கக் கறுத்தால்? கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஜாடி; துரு போகட்டும் என்று அண்ணன் பழைய ஆணிகளை வினிகரில் ஊறப்போட்டது. எட்டி எடுத்தாள். துணியை நனைத்துப் பையில் தடவினாள். சாம்பலாக மாறியது, பிறகு அவர்கள் கண் முன்னாலேயே மழை மேகமாய்க் கறுத்தது. தண்ணீரில் துடைத்து, காயவைத்து, எண்ணெய் தேய்த்தாள். புள்ளி எதுவென்று தேடினாலும் கிடைக்கவில்லை.

சரியாக நாலு மணிக்குக் கடைக்கார அம்மா வந்தாள். நூலைக் கொளுத்தினாள், சாம்பலாக உதிர்ந்தது. தலையாட்டினாள். பிறகு முகம் சுருங்கியது.

"கறுப்பு பெயின்ட்டா? என் காதுல பூ சுத்தாதீங்க."

பூனை ஒரு துண்டுத் தோலை எடுத்து ஜாடி வினிகரைத் தடவினாள். அது கறுத்தது. பிளாஸ்டிக் பூசிய ரெக்ஸின் துண்டில் தடவினாள். தாமரை இலைத் தண்ணீராக முத்து முத்தாய் நின்றது. பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, வாயைத் திறந்தாள்.

"உங்க தோள்ல இருக்குற பையில தடவட்டுமா, அம்மா?"

"தாராளமா! இது அசல் தோலு. பத்து வருஷம் ஆச்சு, ஒரு சுருக்கம் உண்டா?"

பூனை தடவினாள். முத்து முத்தாய் நின்றது.

அண்ணி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். கடைக்கார அம்மா தன் பையின் மூலையை நகத்தால் சுரண்டினாள். ஏடு உரிந்தது; அடியில் வெறும் துணி.

அவள் உட்கார்ந்தாள். சாவி, கண்ணாடி, சீப்பு, பாதி தின்ற பிஸ்கட் என ஒவ்வொன்றாக எடுத்துக் கறுப்புப் பைக்கு மாற்றினாள். சாக்கட்டியால் ஜன்னலோர மேஜையில் '20 பை' என்று பெரிதாக எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டாள். பழைய பையை அங்கேயே விட்டுவிட்டு, புதியதைத் தோளில் மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.